படிக்கம் வீசியதற்கு மரண தண்டனை: வெஸ்லி ராபர்ட் வெல்ஸ் மேல்முறையீடு

1947 ஏப்ரல். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபால்சம் சிறை. ஒழுங்கு மீறல் புகார் ஒன்றில் விசாரிக்க ஒரு கைதியைக் கூட்டி வந்திருக்கிறார்கள். பேச்சு வாக்குவாதமாகிறது, வாக்குவாதம் முற்றுகிறது. கைதி அங்கே இருந்த படிக்கத்தைத் தூக்கி ஒரு சிறைக் காவலர் மீது வீசுகிறார். அது தலையில் பட்டுக் காவலருக்குக் காயம். காவலர் உயிர் பிழைத்துவிட்டார். வீசியவருக்கோ மரண தண்டனை. ஜூரி குற்றவாளி என்று சொன்ன பிறகு வேறு தண்டனை கொடுக்க நீதிபதிக்குச் சட்டத்தில் வழியே கிடையாது.

படிக்கம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எச்சில் துப்புவதற்கென்று வைத்திருந்த கலம். புகையிலை மெல்லும் பழக்கம் பரவியிருந்த அந்தக் காலத்தில் அமெரிக்க அலுவலகங்களில் மூலைக்கு ஒன்று இருக்கும். ஆயுதம் என்று யாரும் அதைச் செய்யவில்லை. வீசினால் மண்டை உடையும் என்பதும் உண்மை.

வீசியவர் வெஸ்லி ராபர்ட் வெல்ஸ், கறுப்பினத்தவர். 1909இல் பிறந்தவர். திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக 1928இல் முதன்முதலாக சான் குவென்டின் சிறைக்குப் போனார். சிறைக்குள் இன்னொரு கைதியுடன் நடந்த சண்டையில் அந்தக் கைதி இறந்ததற்காகவும் தண்டனை பெற்றார். சாந்தமான மனிதர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிறைப் பணியாளரைத் தாக்கிய வழக்குகளைப் படிக்கும்போது இந்த இடத்தில்தான் நாம் முதலில் நிதானிக்க வேண்டும். மேல்முறையீட்டாளர் நல்லவரா என்பது கேள்வி அல்ல. அவர் மீது சட்டம் சொன்ன குற்றம், சட்டம் கேட்ட அளவுக்கு நிரூபிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. சொல்வதற்கு எளிது. கோப்பின் முதல் பக்கத்திலேயே நீண்ட பழைய தண்டனைப் பட்டியல் இருக்கும்போது கடைப்பிடிப்பது கடினம்.

சட்டம் சொன்னது

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 4500ஆம் பிரிவு அன்றைக்கு இப்படி இருந்தது: மாநிலச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஒருவர், முன்கூட்டிய தீய நோக்கத்தோடு, கொல்லக்கூடிய ஆயுதத்தாலோ பெருங்காயம் விளைவிக்கக்கூடிய பலத்தாலோ வேறொருவரைத் தாக்கினால் தண்டனை மரணம். தாக்கப்பட்டவர் சாக வேண்டியதில்லை. காவலராக இருக்க வேண்டியதும் இல்லை, சக கைதியாக இருந்தாலும் அதே தண்டனைதான்.

இதற்கு முன்னோடியாக இருந்தது அதே சட்டத்தின் பழைய 246ஆம் பிரிவு. ஆயுள் கைதிக்கு மட்டும் ஒரு தண்டனை, மற்றக் கைதிக்கு வேறு தண்டனை என்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று ஒருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1911இல், ஃபின்லி எதிர் கலிஃபோர்னியா வழக்கில், அந்த நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஆயுள் முழுக்க உள்ளே இருக்கப் போகிறவருக்கு இன்னும் பத்தாண்டு என்றால் அது தண்டனையே ஆகாது. ஆகவே அவரைத் தனி வகையாகப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது என்றது.

இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கைதிகள் அடைபட்டிருக்கும் வரிசைகளுக்குள் நடமாடும் சிறைக் காவலர் பொதுவாகக் கையில் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் நடுவே அவர் தனியாள். இழக்க இனி ஒன்றுமில்லை என்று நினைக்கும் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது அவரைக் காப்பது சுவர் அல்ல, சட்டத்தின் பயம்தான் என்று சட்டமன்றம் நினைத்தால் அதில் ஓர் அக்கறை இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் நிற்பது ஒரே ஒரு தூணின் மேல்: அந்தக் கைதி உண்மையிலேயே ஆயுள் முழுக்க உள்ளே இருக்கப் போகிறவராக இருக்க வேண்டும்.

வெல்ஸ் அப்படிப்பட்டவரா?

யாரும் குறிக்காத காலம்

1944இல் வெல்ஸுக்குக் கிடைத்த தண்டனை கத்தி வைத்திருந்ததற்காக. சிறைக்குள் கைதி ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டு என்றது சட்டம். அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்லவில்லை. அதிகபட்சம் சொல்லாத இடத்தில் ஆயுள் என்று கொள்வது அன்றைய வழக்கம். ஆக, ஐந்தாண்டு முதல் ஆயுள் வரை.

கலிஃபோர்னியாவில் 1917 முதல் இருந்தது காலம் குறிக்காத தண்டனை முறை. நீதிபதி இத்தனை ஆண்டு என்று எண் சொல்ல மாட்டார். ‘சட்டம் சொல்லும் காலம்’ என்று மட்டும் எழுதி அனுப்புவார். கைதியின் நடத்தை, திருந்தும் வாய்ப்பு எல்லாம் பார்த்து ஒரு வாரியம் பிறகு காலத்தைக் குறிக்கும். 1944 முதல் அந்த வாரியத்தின் பெயர் அடல்ட் அத்தாரிட்டி. கத்தி வைத்திருந்த ஒருவருக்கு ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு என்றுகூட அது குறிக்கலாம். வெல்ஸ் படிக்கத்தை வீசிய நாள் வரை அவருக்கு அந்த எண் குறிக்கப்படவில்லை.

அப்படியானால் அவர் அனுபவித்துக்கொண்டிருந்தது என்ன தண்டனை?

பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வழக்கில் என்னை மிகவும் தொந்தரவு செய்த விஷயம். 1918இல் லீ என்பவரின் மனுவில், காலமே குறிக்காத தண்டனை எப்படிச் செல்லும், தெளிவே இல்லையே என்று வாதம் எழுந்தது. புதிய சட்டத்தைக் காப்பாற்ற கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழி கண்டது: காலம் குறிக்கும் வரை அது அதிகபட்சக் காலத்துக்கான தண்டனை என்றே கொள்ள வேண்டும். சட்டத்தை நிற்க வைப்பதற்கான ஒரு பாவனை அது. அதனால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் வாரியம் எப்படியும் பிறகு குறைத்துக் குறித்துவிடும்.

1935இல் மெக்நாப் என்பவரின் வழக்கில் அதே பாவனை வேறு வேலைக்கு எடுக்கப்பட்டது. அதிகபட்சம் ஆயுள் என்றுள்ள, காலம் குறிக்கப்படாத கைதி, தாக்குதல் சட்டத்தின் கண்ணில் ஆயுள் கைதிதான் என்று தீர்ப்பானது. 1949இல் அது வெல்ஸின் கழுத்துக்கு வந்தது. ஒரு சட்டத்தை உயிரோடு வைத்திருக்கச் சொன்ன சொல், முப்பது ஆண்டு கழித்து ஒரு மனிதனை நச்சுவாயு அறைக்கு அனுப்பப் பயன்பட்டது.

ஃபின்லி தீர்ப்பின் நியாயத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். இழக்க ஒன்றுமில்லாத கைதிக்காகத்தான் அந்தப் பிரிவு. வெல்ஸுக்கு இழக்க இருந்தது: வாரியம் குறிக்கப் போகும் எண். இன்று ஒழுங்காக இருந்தால் நாளை வெளியே போகலாம் என்ற ஆசையை வைத்துத்தான் காலம் குறிக்காத முறையே நடந்தது. அதே கைதியை ஒரு கையால் ‘உனக்கு வெளியே வர வாய்ப்பிருக்கிறது’ என்று பிடித்து வைத்துக்கொண்டு, மறு கையால் ‘இவனுக்கு இழக்க ஒன்றுமில்லை’ என்று தண்டிப்பது எப்படிச் சரியாகும்? வெல்ஸின் தரப்பு எழுப்பிய இந்தக் கேள்விக்கு முன்தீர்ப்பைத் தாண்டிய பதில் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

மனத்துக்குள் இருந்தது

மரண தண்டனை என்றால் கலிஃபோர்னியாவில் கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். இடையில் வேறு மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை. அப்படிப் போனதுதான் பீப்பிள் எதிர் வெல்ஸ், 1949. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஷாவர்.

அங்கே நடந்த பெரிய வாதம் ‘முன்கூட்டிய தீய நோக்கம்’ என்ற சொற்றொடரைச் சுற்றித்தான். 4500ஆம் பிரிவில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது அது ஒன்றுதான். ஒருவர் தீய நோக்கமில்லாமல், சட்டம் ஏற்கிற அளவு ஆவேசத்திலோ தன்னைக் காத்துக்கொள்கிறோம் என்ற நம்பிக்கையிலோ அடித்திருந்தால், அதே அடி, அதே காயம், அதே காவலர் என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தாது. சாதாரணத் தாக்குதலுக்கான தண்டனைதான். கையில் என்ன இருந்தது என்பதைவிட மனத்தில் என்ன இருந்தது என்பதே வழக்கு.

வெல்ஸின் வழக்கறிஞர்கள் விசாரணை நீதிமன்றத்தில் மருத்துவர்களைச் சாட்சியாக அழைக்க முயன்றார்கள். வெல்ஸ் பைத்தியம் என்று காட்ட அல்ல. அவர் உடலும் மனமும் அசாதாரணமான இறுக்கத்தில் இருந்தன. வெளியிலிருந்து வரும் எந்தத் தூண்டலும் அவரை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும். தன் உயிருக்கு ஆபத்து என்ற பயம் அவருக்குச் சாதாரண அளவைத் தாண்டி இருந்தது என்று காட்ட.

விசாரணை நீதிபதி அனுமதிக்கவில்லை. இதற்குக் காரணம் கலிஃபோர்னியாவின் இரண்டு கட்ட விசாரணை முறை. 1927 முதல் அங்கே, குற்றம் செய்தாரா என்பதை முதலில் விசாரிப்பார்கள். மனநலம் சரியாக இருந்ததா என்பது தனியாக, இரண்டாவது கட்டத்தில். முதல் கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் மனநலம் உள்ளவர் என்றே முடிவாகக் கொள்ள வேண்டும். மனம் பற்றிய பேச்சா, அப்படியானால் அது இரண்டாம் கட்டத்துக்குரியது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது. இந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிப்பது இதற்காகத்தான். மனநலம் உள்ளவர் என்று கொள்வது வேறு, அந்தக் குறிப்பிட்ட கணத்தில் சட்டம் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட நோக்கம் அவருக்கு இருந்ததா என்பது வேறு. பைத்தியமா இல்லையா என்று காட்டும் சாட்சியம் முதல் கட்டத்தில் வரக் கூடாது. ஆனால் அந்த நோக்கம் இருந்ததா இல்லையா என்று காட்டும் சாட்சியம் வரலாம், வர வேண்டும். நோக்கம் குற்றத்தின் ஒரு பகுதி என்று சட்டமே சொன்ன பிறகு, அது இல்லை என்று காட்ட ஒருவரை விடாமல் தடுப்பது எப்படி விசாரணையாகும்?

இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நியாயமாக எழுதிய தீர்ப்பைப் படித்துக்கொண்டே வருகிறவர்கள் அடுத்த வரி ‘ஆகவே மறுவிசாரணை’ என்று இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள்.

இல்லை. தண்டனை உறுதி செய்யப்பட்டது.

பாதிப்பில்லாத பிழை

கலிஃபோர்னியா அரசியலமைப்பின் ஆறாம் உறுப்பில் அன்று நாலரையாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. விசாரணையில் பிழை நடந்தது என்பதற்காக மட்டும் தண்டனையை ரத்து செய்யக் கூடாது. சாட்சியம் உட்பட வழக்கு முழுவதையும் பார்த்து, நீதி பிறழ்ந்துவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதினால்தான் ரத்து. சின்னச் சின்ன எழுத்துப் பிழைகளுக்காக வழக்குகள் திரும்பத் திரும்ப நடந்த பழைய காலத்துக்கு மருந்தாக வந்த விதி அது. அந்த அளவில் நல்ல விதிதான்.

வெல்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது, மருத்துவர்கள் பேசியிருந்தாலும் மற்ற சாட்சியங்களை வைத்துப் பார்த்தால் முடிவு மாறியிருக்காது என்று. அதாவது பிழை நடந்தது, ஆனால் இவரை அது பாதிக்கவில்லை.

கைதிகளின் மேல்முறையீடுகளைப் படிக்கும்போது நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியைப் பார்ப்பதில்லை. அதன் முன் இருப்பது காகிதம்: கேட்ட கேள்வி, சொன்ன பதில், எழுப்பிய ஆட்சேபம், நீதிபதி சொன்ன ஒரு வரி முடிவு. கதவைச் சாத்திவிட்ட சாட்சியம் அந்தக் காகிதத்தில் முழுதாக இருக்காது. இன்ன மருத்துவர் இன்னதைச் சொல்லவிருந்தார் என்று வழக்கறிஞர் சொன்ன சுருக்கம் மட்டும் இருக்கும். குறுக்கு விசாரணையில் அவர் எப்படி நின்றிருப்பார், ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவராவது அவரை நம்பித் தயங்கியிருப்பாரா என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. மீதி இருக்கும் ‘மற்ற சாட்சியங்கள்’ பெரும்பாலும் சிறைப் பணியாளர்களின் சாட்சியங்கள்தான். ஏனென்றால் சம்பவம் நடந்தது அவர்கள் அலுவலகத்தில். ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் சுருக்கமாகவும் உள்ள கோப்பை எடைபோட்டு, சுருக்கமான பக்கம் லேசாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

தீய நோக்கத்தைத் தவிர வேறு எதிலும் உண்மையான சர்ச்சை இல்லாத வழக்கு இது. வீசினார், பட்டது, காயம். அந்த ஒரே சர்ச்சையில் தன் பக்கச் சாட்சியத்தை முன்வைக்க விடாமல் செய்தது எப்படிப் பாதிப்பில்லாத பிழையாகும்? மரணத்தை மட்டுமே தண்டனையாகக் கொண்ட பிரிவில், நோக்கத்தைப் பற்றி ஜூரி கேட்கவே கேட்காத ஒன்றை, ‘கேட்டிருந்தாலும் இப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள்’ என்று நீதிபதிகள் ஊகிக்கக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பிழையை எடைபோடும் அளவுகோல் பிறகு கொஞ்சம் மாறியது. 1956இல் வாட்சன் வழக்கில், பிழை இல்லாதிருந்தால் சாதகமான முடிவு வர நியாயமான வாய்ப்பிருந்ததா என்று கேட்க வேண்டும் என்றது அதே நீதிமன்றம். 1967இல் சாப்மன் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பு உரிமையை மீறிய பிழை என்றால் அது முடிவைப் பாதிக்கவில்லை என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்றது. சுமை கைதியின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறியது. வெல்ஸுக்கு அது பதினெட்டு ஆண்டு தாமதம்.

தீர்ப்புக்குப் பிறகு

ஆட்கொணர்வு மனுக்கள் போனது, மாநில நீதிமன்றத்திலும் கூட்டாட்சி நீதிமன்றங்களிலும் கதவுகள் தட்டப்பட்டது, எதுவும் தண்டனையை அகற்றவில்லை. வழக்கறிஞர் சார்லஸ் கேரி அவருக்காக வாதாடினார். சிவில் ரைட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு பிரசாரம் நடத்தியது. ஆளைக் கொல்லாத கறுப்பினக் கைதி ஒருவரைக் கொல்லப் போகிறார்கள் என்ற செய்தி மாநிலத்தைத் தாண்டிப் பரவியது. 1954இல் ஆளுநர் குட்வின் நைட் மரண தண்டனையை, பரோல் இல்லாத ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

உயிர் தப்பியது நீதிமன்றத்தால் அல்ல, ஆளுநரின் கையெழுத்தால். அந்தக் கையெழுத்து வந்த பிறகுதான் வெல்ஸ் உண்மையாகவே ஆயுள் கைதி ஆனார் என்பதையும் கவனியுங்கள். அதற்கு முன் அவர் சட்டத்தின் பாவனையில் மட்டும்தான் ஆயுள் கைதி.

அவர் பெயர் தாங்கிய விதி அவரைவிட வேகமாக வெளியே போனது. 1959இல் கோர்ஷன் என்பவரின் கொலை வழக்கில் அதே நீதிமன்றம் இந்த விதியை வளர்த்தது. வெல்ஸ்-கோர்ஷன் விதி என்றே வழக்கறிஞர்கள் அழைத்தார்கள். குறைந்த மனத்திறன், அதாவது பைத்தியம் இல்லாவிட்டாலும் குற்ற நோக்கம் கொள்ளும் திறன் குறைந்திருந்தது, என்ற தற்காப்பு வாதம் கலிஃபோர்னியாவில் அதிலிருந்து கிளைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ மேயரைச் சுட்டுக் கொன்ற டான் வைட்டுக்கு அந்த வாதத்தால் 1979இல் கொலைக் குற்றத்துக்குப் பதிலாகக் குறைந்த குற்றத்தீர்ப்பு கிடைத்தது. மக்கள் கொதித்தார்கள். 1981, 1982ஆம் ஆண்டுகளில் சட்டமன்றமும் பொதுவாக்கெடுப்பும் அந்த வாதத்தை ஒழித்தன. ஆனால் வெல்ஸ் தீர்ப்பின் மூலக் கரு இன்னும் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் இருக்கிறது: ஒருவரால் அந்த நோக்கம் கொள்ள ‘முடிந்திருக்காது’ என்று சாட்சியம் சொல்லக் கூடாது. அந்த நோக்கம் உண்மையில் ‘இருக்கவில்லை’ என்று சொல்லலாம்.

இப்போது இதே வழக்கு வந்தால்

மரண தண்டனை வராது. 2008இல் கென்னடி எதிர் லூசியானா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிநபருக்கு எதிரான குற்றத்தில் உயிர் போகாதபோது மரண தண்டனை கூடாது என்று தெளிவாக்கிவிட்டது. 4500ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது. தாக்கப்பட்டவர் சாகாவிட்டால் தண்டனை ஆயுள், முதல் ஒன்பது ஆண்டுக்குப் பரோல் இல்லை. காலம் குறிக்காத முறையை 1977இல் பெரும்பாலான குற்றங்களுக்குக் கைவிட்டார்கள். அதனால் எண் குறிக்கப்படாத ஆயுள் கைதி என்ற பிரச்சினை பெரும்பாலும் போய்விட்டது. இன்றைய பெரும்பாலான வழக்குகள் 4501.5ஆம் பிரிவில் வருபவை: கைதி, கைதியல்லாத ஒருவரைத் தாக்குவது. இரண்டு, மூன்று அல்லது நான்கு ஆண்டு, ஏற்கெனவே உள்ள தண்டனை முடிந்த பிறகு.

மேல்முறையீட்டில் எழும் கேள்விகள் ஆனால் அதிகம் மாறவில்லை. முதலில் அடித்தது யார். காவலர் பயன்படுத்திய பலம் தேவைக்கு மீறியதா. மீறியது என்றால் கைதிக்கும் தற்காப்பு உரிமை உண்டு, சிறைச் சீருடை அந்த உரிமையைப் பறித்துவிடாது. அதை நிரூபிப்பதுதான் பாடு.

இதில் பெரிய உதவியாக வந்தது 1974இல் பிட்செஸ் எதிர் சுப்பீரியர் கோர்ட் தீர்ப்பு. துணை ஷெரிஃப்கள் என்ற உள்ளூர்க் காவல் அதிகாரிகளைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், தற்காப்புக்காகத்தான் அடித்தேன், இவர்கள் மீது இதற்கு முன்பும் வன்முறைப் புகார்கள் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றார். உண்டு, காட்டுங்கள் என்றது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம். பிறகு அது சட்டமாகி, காவல் பொறுப்பில் உள்ள சிறை அதிகாரிகளுக்கும் விரிந்தது. இன்று சிறைத் தாக்குதல் வழக்கில் பிட்செஸ் மனு போடாத வழக்கறிஞர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன். நீதிபதி தன் அறையில் கோப்பைப் பார்த்து, பொருத்தமானதை மட்டும் கொடுப்பார். கொடுக்க மறுத்தால் மறுத்தது பதிவில் இருக்கும், முத்திரையிட்ட கோப்பு மேல்முறையீட்டு நீதிபதிகளுக்குப் போகும். அவர்களும் அதைத் திறந்து பார்ப்பார்கள். வெல்ஸுக்குச் சாத்திய கதவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த முத்திரையிட்ட உறையில் இருக்கிறது: வெளியே தள்ளிய சாட்சியம் முழுதாக மேலே போகிறது, யாரோ சொன்ன சுருக்கமாக அல்ல.

கைதி சொல்லும் பயம் வெறும் சாக்கு என்ற நினைப்புக்கும் ஓர் அடி விழுந்தது. 1995இல் மாட்ரிட் எதிர் கோமெஸ் வழக்கில் கூட்டாட்சி நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன், 1989இல் திறந்த பெலிக்கன் பே சிறையில் அளவுமீறிய பலப்பிரயோகம் ஒரு வழக்கமாகவே நடந்தது என்று கண்டார். அங்கிருந்த தனிமைப் பிரிவில் மனநோயுள்ள கைதிகளை வைத்திருப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றும் சொன்னார். ‘எப்போதும் இறுக்கத்தில் இருந்தார், எதைக் கண்டாலும் பயந்தார்’ என்று வெல்ஸின் மருத்துவர்கள் சொல்லவிருந்ததை ஒரு நீதிமன்றம் ஆயிரக்கணக்கான பக்கங்களில் பார்த்துவிட்டது.

விலங்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறைக்குள் நடந்த தாக்குதல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரை விலங்கோடு ஜூரி முன் உட்கார வைப்பது சாதாரணமாக இருந்தது. 1976இல் டுரான் என்ற கைதியின் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கண்கூடான தேவை இருப்பதாகப் பதிவில் காட்டாமல் விலங்கிடக் கூடாது என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. இங்கே பிழையைப் பாதிப்பில்லாதது என்று தள்ளவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வழக்கறிஞர் அப்போதே ஆட்சேபம் எழுப்பியிருக்க வேண்டும். அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் எஸ்டெல் எதிர் வில்லியம்ஸ் வழக்கில், சிறை உடையில் விசாரிக்கப்பட்டவர் விசாரணையின்போது ஆட்சேபிக்காததால் அவர் தண்டனையை ரத்து செய்ய மறுத்தது. அந்த நாளில் எழுந்து நின்று ஒரு வரி சொல்லாவிட்டால் மேலே போய்ச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்தியாவில் இதன் நிழல்

நம் வாசகர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் அந்நியமானதல்ல. ஆயுள் கைதி கொலை செய்தால் மரணம் மட்டுமே தண்டனை என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று சிறைப் பணியாளர்களின் பாதுகாப்பு. 1983இல் மிட்டு எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயுள் கைதிக்கும் சந்தர்ப்பம் உண்டு, தூண்டல் உண்டு, மனம் உண்டு. அதைக் கேட்க நீதிபதிக்கு இடமே இல்லாத சட்டம் நியாயமான சட்டம் ஆகாது என்பது தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் சாரம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 104ஆம் பிரிவில் மரணம் அல்லது இயற்கை வாழ்நாள் முடியும் வரை சிறை என்று இரண்டு வழிகள் உண்டு. கொலை முயற்சிக்கான 109ஆம் பிரிவிலோ, ஆயுள் கைதியின் முயற்சியில் காயம் ஏற்பட்டால், யாரும் சாகாவிட்டாலும், மரண தண்டனை விதிக்கலாம் என்று இன்னும் எழுதியிருக்கிறது. வெல்ஸ் வழக்கை அந்த வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெல்ஸ் 1974இல் வெளியே வந்தார், பிட்செஸ் தீர்ப்பு வந்த அதே ஆண்டில். பத்தொன்பது வயதில் உள்ளே போனவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. இடையில் கொஞ்ச காலம் மட்டும்தான் வெளியே இருந்திருக்கிறார்.